சர்வீஸ் பாண்டு: பாதியில் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இரண்டு வருடம் முடிவதற்குள் வேலையை விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும்." இப்படி எழுதி வாங்கும் ஒப்பந்தம்தான் சர்வீஸ் பாண்டு. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இந்த வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அந்தத் தொகைக்குப் பயந்தே பிடிக்காத வேலையில் கிடப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்தில் பாதிக்கு மேல் தேவையற்றது. மீதிப் பாதியை அலட்சியம் செய்யக் கூடாது. எது எந்தப் பாதி என்பதைப் பிரித்துக் காட்டவே இந்தப் பக்கம். இங்கே சொல்வது இந்தியச் சட்டம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக ஒரு கேள்வி தனியாக உண்டு.

பாண்டு சட்டப்படி செல்லுமா, செல்லாதா?

பாண்டு என்பதற்காகவே அது செல்லாமல் போவதில்லை. பாண்டைத் தடைசெய்யும் தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. நீதிமன்றங்கள் இதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வைத்தே அளக்கின்றன. அதில் நான்கு பிரிவுகள் முக்கியம். பொதுநலக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது பிரிவு 23. தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது பிரிவு 27. ஒப்பந்தத்தை மீறினால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு தரவேண்டும் என்கிறது பிரிவு 73. ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்வது பிரிவு 74. உங்கள் பணம் நிற்பதும் போவதும் பெரும்பாலும் இந்த நான்காவதில்தான்.

எழுதியிருக்கும் தொகை முழுவதையும் கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரும்பாலான வழக்குகளில் முழுத்தொகை கிடைப்பதும் இல்லை. பிரிவு 74இன்படி எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்கு உட்பட்டு "நியாயமான இழப்பீடு" எவ்வளவு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். உச்ச நீதிமன்றம் 1963இல் ஃபதே சந்த் வழக்கிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் இன்னும் ஒரு படி போய், நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்றது. நஷ்டத்தை ரூபாய்க் கணக்கில் காட்டுவது கடினம் என்றால் மட்டும், எழுதிய தொகை நேர்மையான முன்மதிப்பீடாக இருக்கும் பட்சத்தில் அதையே கொடுக்கலாம்.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் சிக்பா இந்தியா வழக்கில் போட்ட கணக்கு நல்ல உதாரணம். பாண்டு மூன்று வருடம், தொகை 2,00,000 ரூபாய். ஊழியர் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விலகினார். அவருடைய பயிற்சிக்கு நிறுவனம் உண்மையில் செலவழித்தது 67,596 ரூபாய். மூன்றில் இரண்டு பங்குக் காலத்தை அவர் உழைத்துத் தீர்த்துவிட்டதால் மீதி ஒரு பங்கான 22,532 ரூபாயைக் கொடுத்தால் போதும் என்றது நீதிமன்றம். கேட்டது இரண்டு லட்சம், கிடைத்தது அதில் ஒன்பதில் ஒரு பங்கு.

உங்கள் கணக்கையும் இப்படியே போட்டுப் பாருங்கள்: நிறுவனம் உங்களுக்காகச் செலவழித்ததாகக் காட்டக்கூடிய தொகை × மீதியுள்ள மாதங்கள் ÷ பாண்டின் மொத்த மாதங்கள். 60,000 ரூபாய் பயிற்சி, 24 மாத பாண்டு, 16 மாதம் முடிந்துவிட்டது என்றால் 60,000 × 8 ÷ 24 = 20,000 ரூபாய். பேச்சுவார்த்தையைத் தொடங்க வேண்டிய எண் இதுதான்.

எல்லா நீதிமன்றமும் ஊழியர் பக்கமே சாயும் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றம் தோஷ்னியல் பிரதர்ஸ் வழக்கில், பயிற்சி கொடுத்து வளர்த்த ஆள் பாதியில் போவதே நிறுவனத்துக்கு நஷ்டம்தான், அதைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. தமிழ்நாட்டில் முதலாளி தரப்பு வழக்கறிஞர்கள் முதலில் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது.

2025இல் உச்ச நீதிமன்றம் பாண்டு செல்லும் என்று சொல்லிவிட்டதாமே?

விஜயா வங்கி வழக்கு, 2025 மே 14. தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொண்டவர்கள் தவறாகப் புரிந்துகொண்ட தீர்ப்பு இது. சீனியர் மேனேஜராகச் சேர்ந்த ஓர் அதிகாரி மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்பது நிபந்தனை. 2007இல் சேர்ந்தவர் 2009இல் வேறு வங்கிக்குப் போனார். ஆட்சேபத்தோடு பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

காரணங்களைக் கவனியுங்கள். பொதுத்துறை வங்கி தனக்குத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைக்க முடியாது. விளம்பரம், தேர்வு என்று செலவும் காலமும் பிடிக்கும் முறைப்படிதான் ஆளெடுக்க வேண்டும். விலகியவர் நல்ல சம்பளத்தில் இருந்த மேல்நிலை அதிகாரி. அவர் வாங்கிய சம்பளத்துக்கு 2 லட்சம், ராஜினாமா செய்யவே முடியாதபடி ஆளை முடக்கும் தொகை இல்லை. இந்த மூன்றும் உங்கள் நிலைமைக்குப் பொருந்துகிறதா? மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் தனியார் நிறுவனத்தில் சேர்ந்த புதியவர் தலையில் 2 லட்சத்தைக் கட்டினால், அதே தீர்ப்பின் அளவுகோலே அவருக்குச் சாதகமாகத் திரும்பும்.

அதே தீர்ப்பில் பலர் படிக்காமல் விட்ட பகுதியும் ஒன்று உண்டு. நிறுவனம் அச்சடித்துக் கொடுத்து "கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை இல்லை" என்று நீட்டும் ஒப்பந்தத்தில், இருவரும் சமபலத்தில் இல்லை என்பதை மனதில் கொண்டே நீதிமன்றம் பார்க்க வேண்டும். கட்டுப்பாடு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. பதில் நோட்டீஸ் எழுதும்போது இந்த வரிகளைத் தவறாமல் சேருங்கள்.

பயிற்சிச் செலவு என்று எதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாம்?

வெளியாருக்குக் கட்டிய பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், வெளியூர் அல்லது வெளிநாட்டுப் பயிற்சிக்கான விமானச் செலவு, தங்கும் செலவு ஆகியவற்றை பில்லோடு காட்டினால் நீதிமன்றம் மதிக்கும். நிற்காதவையும் இருக்கின்றன. முதல் வாரம் உட்காரவைத்து கம்பெனி விதிமுறைகளைச் சொன்னது, சீனியர் ஒருவர் பக்கத்தில் இருந்து வேலை காட்டியது, லேப்டாப் வாடகை ஆகியவை நிறுவனம் தன் வேலைக்காகச் செய்த செலவுகள். பயிற்சிக் காலத்தில் உங்களுக்குக் கொடுத்த சம்பளத்தையே "செலவு" என்று காட்டுவது மிக வழக்கமான தந்திரம். அந்த நாட்களில் வாடிக்கையாளர் வேலை செய்திருந்தால் அதைக் காட்டும் டைம்ஷீட்டையும் மெயில்களையும் எடுத்து வையுங்கள். வேலை வாங்கியிருக்கிறார்கள் என்றால் அது உழைப்புக்குக் கொடுத்த கூலி.

போக விடாமல் தடுக்க முடியுமா? போலீஸில் புகார் கொடுப்போம் என்கிறார்கள்.

முடியாது. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்யவைக்கும் உத்தரவை எந்த நீதிமன்றமும் போடாது. 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 14 அதற்கு இடம் தரவில்லை. பாண்டை மீறுவது உரிமையியல் விவகாரம், குற்றம் இல்லை. போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுத்து மூலமான சம்மனைக் கேளுங்கள். காசோலை கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. அதைக் கீழே பாருங்கள்.

போட்டி நிறுவனத்தில் ஒரு வருடம் சேரக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது.

வேலையை விட்ட பிறகான அந்தத் தடை பிரிவு 27இன் கீழ் செல்லாது. வேலையில் இருக்கும் காலத்தில் வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் (கோலிகாரி வழக்கு, 1967). நிறுவனத்தின் ரகசியத் தகவல்களை எடுத்துப் போவது வேறு விஷயம், அதற்கு வழக்கு வரும்.

ஒரிஜினல் மார்க் ஷீட், டிகிரி சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்ன செய்வது?

சான்றிதழ் உங்கள் சொத்து. அதைப் பணயமாக வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லை. அது விற்கக்கூடிய சரக்கு இல்லையாதலால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 171 சொல்லும் பிடித்துவைக்கும் உரிமை அதற்குப் பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் சான்றிதழ்களின் பட்டியலோடு, ஏழு நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலிலும் மெயிலிலும் கேளுங்கள். ஒப்படைத்தபோது வாங்கிய ரசீதோ, "ஒரிஜினல் சமர்ப்பிக்கவும்" என்ற மெயிலோ இருந்தால் நகல் இணையுங்கள். பதில் இல்லையென்றால் வழக்கறிஞர் நோட்டீஸ், அதன்பின் நீதிமன்றம். இங்கே பலர் செய்யும் தவறு, "தொலைந்துவிட்டது" என்று பொய்ப் புகார் கொடுத்து டூப்ளிகேட் வாங்குவது. அது உங்களையே குற்றவாளி ஆக்கிவிடும்.

சேரும்போது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருக்கிறேன்.

உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். தொகை எழுதாமல் கையெழுத்திட்டுத் தானாகக் கொடுத்த காசோலை என்றாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு உங்கள் மேல் விழும். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138இன் கீழ் குற்ற வழக்கு: இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம் அல்லது இரண்டும்.

நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 15 நாள் உங்களுக்கு. அது கழிந்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் புகார் தாக்கல் செய்யலாம். இந்த 15 நாளுக்குள் "இது பாண்டுக்குப் பிணையாக வாங்கிய காசோலை, இந்தத் தொகைக்குச் சட்டப்படியான கடன் எதுவும் நிலுவையில் இல்லை" என்று காரணங்களோடு பதில் அனுப்பியே ஆக வேண்டும். வேலையை விடும் கடிதத்திலேயே காசோலை எண்ணைக் குறிப்பிட்டுத் திருப்பிக் கேட்பது இன்னும் நல்லது. காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம், அதற்கும் பிரிவு 138 பாயும்.

அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவரையும் இழுப்பார்களா?

இழுக்கலாம். ஜாமீன்தாரரின் பொறுப்பு உங்கள் பொறுப்புக்குச் சமம். ஆனால் நீங்கள் 22,000 மட்டுமே கட்ட வேண்டும் என்று முடிவானால் அவருக்கும் அதுவேதான். அவருக்குத் தெரியாமல் பாண்டுக் காலத்தை நீட்டியோ தொகையைக் கூட்டியோ இருந்தால், மாற்றிய பிறகான பொறுப்பிலிருந்து அவர் விடுபடுவார்.

பிளஸ் டூ முடித்ததும் ஐ.டி. வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கையெழுத்துப் போட்ட தேதியில் 18 வயது நிரம்பவில்லை என்றால் அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தாது. பிறந்த தேதியையும் பாண்டுத் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதியது செல்லாது என்கிறார்களே?

முத்திரைக் கட்டணம் குறைவு என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது. குறைந்த கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டிவிட்டு நிறுவனம் அதைச் சாட்சியமாக்கிக்கொள்ளலாம். இதை நம்பி வழக்கு நடத்தாதீர்கள்.

கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டியையும் தரமாட்டோம் என்கிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். எந்தெந்தத் தலைப்பில் பிடித்தம் செய்யலாம் என்று பிரிவு 18 பட்டியலிடுகிறது. பாண்டுத் தொகை என்று ஒரு தலைப்பு அதில் இல்லை. அனுமதித்த பிடித்தங்களும் மொத்தத்தில் ஊதியத்தின் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இப்போது அந்த வரம்பு இல்லை. மூன்று ஆண்டுக்குள் தொழிலாளர் துறையிடம் கோரிக்கை மனு கொடுக்கலாம்.

பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டையும் நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாது, ஹெச்.ஆர். எப்படிப் பிடிப்பார்? வேலை விட்ட தேதியை நிறுவனம் பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர்களுக்கான யு.ஏ.என். தளத்தில் நீங்களே பதியலாம்.

பாண்டுத் தொகையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கேட்கிறார்கள்.

தவறு. மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கை, பாண்டுத் தொகைக்கும் நோட்டீஸ் காலத்துக்குப் பிடிக்கும் தொகைக்கும் ஜி.எஸ்.டி. இல்லை என்று சொல்லிவிட்டது. எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டால் போதும்.

ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்பதும் பாண்டுதானா?

அது வேறு. கையில் வாங்கிய பணத்தை நிபந்தனைப்படி திருப்பித் தருவது பொதுவாகச் செல்லும். இரண்டு விஷயத்துக்கு மட்டும் வாதாடுங்கள். ஒன்று, வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ப விகிதக் குறைப்பு. மற்றது, வரி. ஒரு லட்சத்தில் 30,000 வரி பிடித்து 70,000 கொடுத்துவிட்டு, திரும்ப ஒரு லட்சம் கேட்பார்கள். சேர்ந்த அதே நிதியாண்டில் விலகினால் சம்பளக் கணக்கிலேயே அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஆண்டு தாண்டிவிட்டால் சிக்கல் கூடும்.

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

நோட்டீஸ் என்பது தீர்ப்பு இல்லை. அதைக் கண்டு உடனே பணம் கட்டுவதும் தவறு, கிழித்துப் போடுவதும் தவறு. பெரும்பாலானவர்கள் தோற்பது பாண்டு வலுவானது என்பதால் அல்ல. பதில் சொல்லாமல் இருந்து, தாங்கள் ஆஜராகாமலே ஒருதலையாக வரும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை வாங்கிக்கொள்வதால்தான்.

நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அதில் பயிற்சிச் செலவின் பில்களைக் கேளுங்கள். பணியாற்றிய மாதங்களைக் குறிப்பிடுங்கள். நோட்டீஸ் பீரியடை முடித்துக்கொடுத்ததையும், பொறுப்பை ஒப்படைத்ததையும் எழுதுங்கள். உங்கள் விகிதக் கணக்குப்படி ஒரு தொகை தரத் தயார் என்றால் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற வாசகத்தோடு சொல்லுங்கள். அவசரத்துக்கு ரிலீவிங் லெட்டர் வேண்டிப் பணம் கட்ட நேர்ந்தால் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று மெயில் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.

வழக்கே வந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். சாதாரண உரிமையியல் வழக்கில் எதிர்வாதம் தாக்கல் செய்ய சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 37இன் கீழ் சுருக்க வழக்கு என்றால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், தவறினால் விசாரணை இல்லாமலே தீர்ப்பாகிவிடும். நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் தீர்க்கும் ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் என்றால், நிறுவனம் தானாகவே ஒரு நடுவரை நியமித்திருக்கிறதா என்று பாருங்கள். 2019இன் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்பின்படி, வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தனி நடுவரைத் தன்னிச்சையாக நியமிக்க முடியாது. இந்த ஆட்சேபத்தை முதல் கடிதத்திலேயே பதிவுசெய்யுங்கள். நடுவர் தீர்ப்பு வந்துவிட்டால் அதை எதிர்க்க மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள் மட்டுமே.

நிறுவனம் வழக்குப் போட மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. அதுவரை நோட்டீஸ், பதில், ராஜினாமா ஏற்ற மெயில் எதையும் அழிக்காதீர்கள்.

அவர்களே வேலையை விட்டு எடுத்தால்? சம்பளமே ஒழுங்காகத் தரவில்லையென்றால்?

ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டுப் பாண்டுத் தொகை கேட்பது நிற்காது. நீங்களாக விலகினால்தான் மீறல். "மரியாதையாக ராஜினாமா கொடுத்துவிடு" என்று சொல்லி எழுதி வாங்குவதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று. அப்படிக் கட்டாயப்படுத்தினால் ராஜினாமாக் கடிதத்திலேயே "நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில்" என்று எழுதுங்கள். சம்பளம் நிலுவை, சொன்ன வேலைக்குப் பதில் வேறு வேலை போன்றவை இருந்தால் முதலில் ஒப்பந்தத்தை மீறியது அவர்கள். விலகும் முன்பே அதை மெயிலில் புகாராகப் பதிந்திருந்தால்தான் பிறகு உதவும்.

நர்ஸுகள், அரசு டாக்டர்கள்?

நர்ஸுகளிடம் பாண்டு வாங்குவதையும் சான்றிதழைப் பிடித்துவைப்பதையும் கைவிடும்படி இந்திய நர்சிங் கவுன்சில் 2011இல் அறிவுறுத்தியது. ஆனாலும் தனியார் மருத்துவமனைகளில் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. அரசுக் கல்லூரியில் முதுநிலை, உயர்சிறப்பு மருத்துவம் படித்தவர்களின் கட்டாயச் சேவை பாண்டு தனி வகை. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் பாண்டுகளை 2019 ஆகஸ்ட் 19இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. மேலே சொன்ன விகிதக் கணக்கை அங்கே அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்.

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கினோம். தீரும் வரை போகக் கூடாது என்கிறார்கள்.

இதைப் பாண்டு என்று சொல்வதே தவறு. முன்பணத்துக்காக வேறு இடத்தில் வேலை தேடும் சுதந்திரத்தைப் பறித்தால் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே அழிந்துவிடுகிறது, ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் கொடுங்கள். விடுதலைச் சான்றை அவர்களிடம் கேட்டு வாங்காமல் விடாதீர்கள், மறுவாழ்வு உதவிக்கு அதுவே ஆதாரம்.

மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததும் இதன் உறவுதான். மூன்று வருடம் முடித்தால் திருமணத்துக்கு மொத்தப் பணம், இடையில் போனால் எதுவும் இல்லை என்றார்கள். கூலியில் பிடித்துச் சேர்த்த பணம் அந்தப் பெண் சம்பாதித்த கூலியே. பாதியில் போனாலும் வேலை பார்த்த நாட்களுக்கான பங்கைக் கொடுத்தாக வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். அங்கே சட்டம் எப்படி?

ஹெச்-1பி விசாவில் இருப்பவரிடம், முன்கூட்டி விலகியதற்கு அபராதம் வாங்குவதை அமெரிக்க மத்தியச் சட்டமே தடுக்கிறது. மாநிலச் சட்டம் ஏற்கும் உண்மையான நஷ்டஈட்டு மதிப்பீட்டுக்கு மட்டும் இடமுண்டு. விசா மனுவின் கட்டணத்தையும் அதற்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது.

கலிஃபோர்னியா இன்னும் தெளிவாகச் சட்டம் போட்டுவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில், வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையே சட்டவிரோதம். மீறினால் ஊழியருக்கு உண்மையான நஷ்டம் அல்லது 5,000 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. விதிவிலக்குகள் சில உண்டு. சேரும்போது தரும் போனஸைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள ஐந்து வேலை நாள் தர வேண்டும், இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, வட்டி கூடாது, மீதியுள்ள காலத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே வர வேண்டும். இந்தியாவில் நீதிமன்றம் போய்ப் பெற வேண்டிய விகிதக் குறைப்பை அங்கே சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இங்கும் அப்படி எழுத வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

நகல் கொடுக்காத பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்க மறுத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். தொகை மாதாமாதம் குறையும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிலர் மறுப்பார்கள், ஆனால் கேட்ட மெயிலே பின்னால் சாட்சி. பயிற்சி என்ன, எத்தனை நாள், யார் தருவது, செலவு எவ்வளவு என்பது பாண்டிலேயே இருக்க வேண்டும். பாண்டுக் காலம் சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லில் ஆறு மாதம் கூடிவிடும். வெற்றுக் காசோலை கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீர வேண்டிய நிலை என்றால் தொகையை எழுதி, பின்பக்கம் "பயிற்சி பாண்டுக்குப் பிணையாக மட்டும்" என்று குறித்து, இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, அந்தப் படத்தை அன்றே ஹெச்.ஆர். மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள்.